பெட்டியில் வந்த 'பாலகன்'

யானையின் காதில் எறும்பு புகுந்த கதையை அறியாத சிறுவர்கள் இருக்க மாட்டார்கள். ஐம்பது தொன் நிறையுள்ள யுத்த டாங்கியை, ஒரு மனிதன் பெட்டியில் வைத்துத் தூக்கிச் செல்லும் ஆயுதம் நிறுத்திவிட்டது என்றால், அதுவும் அத்தகைய கதையே. ஆனால் இது கற்பனையன்று. 1973ஆம் ஆண்டில் சினாய் பாலைவனத்தில் உலகம் கண்ட உண்மை.

சிறிய ஆயுதத்திற்கு இவ்வளவு வலிமை எங்ஙனம் வந்தது? 1888ஆம் ஆண்டில் மன்றோ என்னும் அமெரிக்க இரசாயனவியலாளர் ஒரு விந்தையைக் கண்டார். வெடிமருந்துக் கட்டியில் குழிவாகப் பொறிக்கப்பட்டிருந்த எழுத்துக்கள், அது வெடித்ததும் கீழேயிருந்த உருக்குத் தகட்டிலும் பதிந்திருந்தன. வெடியின் ஆற்றல் குழிவினூடே ஒருமுகப்படுகின்றது என்பதே இதன் பொருள். அக்குழிவிற்குச் செம்பினால் கூம்பு வடிவான உறை இட்டால், வெடிக்கும்போது அச்செம்பு மெல்லிய தாரையாகி, செக்கனுக்குப் பல கிலோமீற்றர் வேகத்தில் உருக்கைத் துளைக்கும். எனவே ஏவுகணை மெதுவாகச் சென்றாலும் குறையில்லை. இலக்கில் சரியாகப் பட்டால் போதும்.

ஆனால் சரியாகப் படச் செய்வதுதான் கடினம். இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில் ஜேர்மனியர், மெல்லிய கம்பி மூலம் கட்டளை அனுப்பி வழிநடத்தும் 'எக்ஸ்-7' என்ற ஏவுகணையை அமைத்தனர். அது களத்தில் பெருமளவு பயன்படுமுன் யுத்தம் முடிந்துவிட்டது. 1950களில் பிரெஞ்சுக்காரர் அவ்வழியிலேயே 'எஸ்.எஸ்.-10' என்பதை ஆக்கினர். சோவியத் நாட்டிலே, கொலோம்னா நகரில், நெப்போபெதிமி என்னும் பொறியியலாளரின் தலைமையில் உருவான 'மல்யுத்கா' 1963ஆம் ஆண்டில் இராணுவத்தில் சேர்க்கப்பட்டது. அப்பெயருக்கு ருஷிய மொழியில் 'சின்னஞ்சிறியது' என்று பொருள். நாம் இதனைப் 'பாலகன்' என்றே அழைப்போமாக.

பாலகனின் நிறை சுமார் 11 கிலோகிராம். பெட்டியின் மூடியே ஏவுதளமாகும். போர்வீரன் சற்றுத் தள்ளிப் பதுங்கியிருந்து, எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பார்வைக் குழாயில் கண்ணை வைத்து, சிறு கைப்பிடியை அசைப்பான். ஏவுகணையின் வாலில் எரியும் சுடரும் தொலைவிலுள்ள டாங்கியும் ஒன்றாகத் தோன்றுமாறு அவன் நடத்தவேண்டும். அவனது கையசைவு கம்பி வழியாக ஏவுகணையை எட்டும். 3,000 மீற்றரைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 25 செக்கன் பிடிக்கும். அதுவரை அவன் கண்ணும் கையும் பிசகலாகாது. இதற்கெனப் பயிற்சி யந்திரத்தில் ஆயிரக்கணக்கான முறை பழகவேண்டியிருந்தது. 500 மீற்றருக்குள் வந்த டாங்கியைப் பாலகனால் தாக்க இயலாது. அக்குறையை 'ஆர்.பி.ஜி.-7' என்னும் தோளில் வைத்து எறியும் ஆயுதம் நிரப்பியது.

1973 ஒக்டோபர் 6ஆம் திகதி, எகிப்திய காலாட்படையினர் படகுகளில் சூயஸ் கால்வாயைக் கடந்தனர். பாலம் அமைத்துத் தங்கள் டாங்கிகள் வந்து சேரும்வரை, எதிரியின் டாங்கிகளைத் தடுப்பது அவர்களது கடமை. இஸ்ரேலிய டாங்கிகளோ காலாட்படையின் துணையும் பீரங்கிகளின் துணையும் போதியளவின்றிப் பாய்ந்து வந்தன, பேரிழப்பிற்கு உள்ளாயின. பாலகனோடு ஆர்.பி.ஜி.யும் டாங்கிப் பீரங்கிகளும் சேர்ந்தே அந்த நாசத்தை விளைத்தன. தப்பி வந்த சில டாங்கிகளின்மேல் மெல்லிய கம்பிகள் சுற்றிக் கிடந்தன. டாங்கியின் காலம் முடிந்தது என்று பலர் தீர்ப்புக் கூறினர்.

அத்தீர்ப்பு அவசரமானது. ஏவுகணையை வெல்ல வேண்டியதில்லை, அதை நடத்தும் மனிதனின் கவனத்தைக் குலைத்தாற் போதும் என்பதை இஸ்ரேலியர் விரைவிலேயே உணர்ந்தனர். சுடரைக் கண்டவர் வானொலியில் கூவினார். டாங்கிகள் நெளிந்து நெளிந்து ஓடின. ஏவிய இடம் எனத் தோன்றிய திக்கை நோக்கிச் சுட்டன. குண்டு அருகில் விழுந்தால் எவன் கைதான் நடுங்காது? அந்த 25 செக்கனே பாலகனின் பலவீனமாயிற்று.

பின்னர் வந்தவை மனிதனின் வேலையைப் படிப்படியாகக் குறைத்தன. 1970ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத்திற் சேர்ந்த 'டோ' என்பதில், இலக்கின்மேல் குறியை வைத்திருந்தாற் போதும். ஏவுகணையைத் திருத்துவது கருவியின் பொறுப்பு. 1996ஆம் ஆண்டில் வந்த 'ஜவலின்' இலக்கின் வெப்ப உருவத்தைத் தானே பின்தொடர்கின்றது. ஏவியவன் உடனே ஒதுங்கிவிடலாம்.

மாணவ நண்பர்கள் இவ்வரலாற்றில் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். இரும்பை இரும்பு துளைத்தது என்று நாம் படிக்கிறோம். ஆனால் அவ்விரும்பினுள்ளே நான்கு இளைஞர்கள் இருந்தனர். கம்பியின் மறுமுனையில் மணலில் கிடந்தவனும் ஓர் இளைஞனே. இருவரையும் எதிர்பார்த்துத் தாய்மார் வீட்டிலிருந்தனர். செம்புக் கூம்பின் கணக்கைக் கற்கும்போது, இந்தக் கணக்கையும் மறவாதிருப்போமாக.