கடல்மேல் ஒரு வீதி

எமது பாடசாலை மலரிலே ஆண்டுதோறும் ஒரு பிரயாணக் கட்டுரையேனும் இடம்பெறாமற் போவதில்லை. கண்டிக்குப் போனவர்கள், நுவரெலியாவிலே குளிரில் நடுங்கியவர்கள், சிகிரியாவில் ஏறி மூச்சு வாங்கியவர்கள் எல்லோரும், "அந்த இன்பச் சுற்றுலா என் நெஞ்சை விட்டு என்றும் அகலாது" என்று எழுதி முடித்திருப்பதைப் பழைய மலர்களிலே காணலாம். நானும் ஒரு தீவுக்குப் போய் வந்தேன். அந்தப் பயணமும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஆனால் அதன் காரணம் வேறு. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கனடாவிலிருந்து பெரியப்பா குடும்பத்தார் வந்திருந்தனர். பெரியம்மா பிறந்த மண் நெடுந்தீவு. சிறு வயதிலேயே அங்கிருந்து வெளியேறியவர். தாம் பிறந்த வளவைத் தம் பிள்ளைகளுக்கு ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. அவர்கள் திரும்பிப் போகும் நாள் நெருங்கிவிட்டபடியால் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எஞ்சியிருந்தது. மறுநாள் திங்கட்கிழமை எனக்குத் தவணைப் பரீட்சையிலே விஞ்ஞான பாடம். அம்மா முகத்தைச் சுளித்தார். "ஒரு நாளிலை பிள்ளை என்னத்தை மறந்துபோடப் போறாள்?" என்று பெரியப்பா சிரித்தார். விஞ்ஞானப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு நானும் புறப்பட்டேன். எல்லாமாக நாங்கள் பதினொரு பேர்.

வான் பிடிக்கலாம் என்று அப்பா சொன்னார். பெரியப்பாவோ பஸ்ஸிலேதான் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆகவே யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலே 776 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினோம். கோட்டையைக் கடந்து பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் இரு பக்கமும் கடல். தடிகளை நட்டு வலை கட்டிய இடங்களிலே கொக்குகள் காவல் நின்றன. அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று ஊர்கள் வந்துபோயின. வங்களாவடிச் சந்தியிலே பஸ் நெடுநேரம் நின்றது. நடத்துநர் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு வந்தார். எனக்கு அது அப்போது வேடிக்கையாகவே இருந்தது. பின்பு வாணர் தாம்போதி வழியாகப் புங்குடுதீவு, அதன் முடிவிலே குறிகட்டுவான். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இந்தத் தாம்போதி உண்டாகுமுன் புங்குடுதீவு மக்களும் வள்ளத்தையே நம்பியிருந்தார்கள் என்று அப்பா சொன்னார். இன்று பஸ்ஸில் உறங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த நினைவு இருக்குமோ தெரியாது.

குறிகட்டுவான் இறங்குதுறையிலே இரு வகையான மக்களைக் கண்டேன். நயினாதீவுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். அம்மன் கோயிலுக்குப் போகும் நம்மவர்களும் விகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்களும் பூத்தட்டுகளுடன் நின்றனர். அவர்களது படகுகள் சிறிது நேரத்துக்கொன்றாகப் போய் வந்தன. மற்றப் பக்கம் நெடுந்தீவுக்குரியது. அங்கே பூத்தட்டுகளைக் காணவில்லை. அரிசி மூட்டை, சமையல் வாயு சிலிண்டர், பெட்டிக்குள்ளே கீச்சிடும் கோழிக்குஞ்சுகள், ஒரு வீட்டுக்கான மரக்கதவு! அந்தக் கதவைக் கண்டு என் கனடா அண்ணா படம் எடுத்தார். கதவுக்குச் சொந்தக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

படகிலே என் பக்கத்தில் ஒரு ஆச்சி இருந்தார். மடியிலே மருந்துப் பை. வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலே கிளினிக் முடிந்ததாம். சனிக்கிழமை காற்று கூடிவிட்டதால் படகு ஓடவில்லையாம். "கிளினிக்குக்கு ஒரு நாள், போக ஒரு நாள், வர ஒரு நாள். காத்து நிண்டால் அதுக்கும் ஒரு நாள் பிள்ளை," என்று விரலை மடக்கிக் காட்டினார். அங்கே ஆஸ்பத்திரி இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது; ஆனால் பெரிய வருத்தம் என்றால் கடலைத் தாண்டத்தான் வேண்டும் என்றார். நான் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு மணி நேரக் கடலிலே ஒரு பக்கமும் படிக்கவில்லை.

நெடுந்தீவின் எழிலைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. கட்டாக்காலிக் குதிரைகள், ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை, பருத்த பெருக்க மரம், புறாக்கூடு எல்லாம் பார்த்தோம். நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டி மகிழ்ந்த ஒல்லாந்தர் நெடுந்தீவை டெல்வ்ற் என்றனர். அப்பெயர் இன்றும் ஆங்கிலத்திலே வழங்குகிறது. எனக்குப் பிடித்தவை முருகைக்கற்களைச் சாந்து பூசாமலே அடுக்கிய வேலிகள்தாம். பெரியம்மாவின் வளவிலே வீடு இல்லை. அந்தக் கல்வேலியும் ஒரு கிணறுமே எஞ்சியிருந்தன. பெரியம்மா கிணற்றிலே அள்ளி ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பின்பு மணிக்கூட்டைப் பார்த்து, "நேரமாகுது, வாங்கோ," என்று எல்லோருக்கும் முன்னதாக நடந்தார். ஓட்டோக்காரர் எங்களை நேரத்துடன் மாவிலித்துறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அன்றைய கடைசிப் படகுக்கு முதலாவதாக நின்றவர்கள் நாங்களே.

படகிலே ஏறும் ஆட்களுக்கு ஒரு கணக்கு உண்டு. உயிர்காப்பு அங்கிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. அது நல்ல ஒழுங்கு. கடலிலே அதை மீறும்படி எவரும் கேட்கக்கூடாது. நாங்கள் பதினொரு பேரும் ஏறினோம். எங்களுக்குப் பின்னால் தென்னிலங்கையிலிருந்து வந்த இளைஞர் கூட்டமொன்று ஏறியது. பின்னர் ஊரவர் பலர் ஏறினர். கடைசியாக ஒரு சைக்கிள் ஓடிவந்து நின்றது. முன்னே வேர்த்து விறுவிறுத்த ஒரு தகப்பன். பின்னே என் வயதுப் பெண் ஒருத்தி. மேற்குக் கரைப் பக்கமிருந்து வந்திருக்கவேண்டும். நெடுந்தீவு பெயருக்கேற்ப நெடிய தீவு; ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சைக்கிள் மிதிப்பது இலேசான காரியமல்ல.

"இனி ஏத்தேலாது ஐயா. கணக்குச் சரி," என்றார் படகிலே நின்றவர்.

"தம்பி, பிள்ளையை மட்டும் ஏத்திவிடு. விடுதிக்குப் போகவேணும். நாளைக்குச் சோதினை."

"எனக்கு விளங்குது ஐயா. நான் என்ன செய்ய? காலமைப் படகுக்கு வாங்கோ."

அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. அவள் கையிலே ஒரு புத்தகம் இருந்தது. ஆண்டு பத்து விஞ்ஞானம். அரசாங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கும் அதே புத்தகம்; அதே அட்டை. என்னுடையது என் மடியிலே இருந்தது.

சோதரிகளே, இந்த இடத்தில் நான் எழுந்து, "நான் இறங்குகிறேன், அவள் ஏறட்டும்" என்று சொன்னதாக எழுதினால் கட்டுரை அழகாக இருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. எனக்கும் நாளைக்குச் சோதனை என்று நினைத்தேன். என் கனடா அண்ணாவுக்குச் சோதனை இல்லை. பெரியப்பாவுக்கும் இல்லை. எங்கள் பதினொரு பேரிலே பத்துப் பேருக்கு மறுநாட் காலையில் எங்குமே போகவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர்களும் எழுந்திருக்கவில்லை. புத்தகத்தைப் பைக்குள்ளே மறைத்து வைத்ததுதான் நான் செய்த ஒரே காரியம்.

நடுக்கடலிலே பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "நானும் இந்த ஊர்க்காரிதானே அம்மா," என்றார் அவர். அவர் சொன்னதும் பொய்யல்ல. போர்க்காலத்திலே எத்தனையோ குடும்பங்கள் அந்த மண்ணைவிட்டுப் போய்விட்டன. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கே நாலாயிரம் பேர்கூட இல்லை. பிரிந்து போனவர்கள் பார்க்க வருவது பிழையா? அல்லவே. ஆயினும், படகிலே இடம் கேட்கும்போது "நீ எங்கே பிறந்தாய்?" என்று கேட்பதைவிட, "நாளைக்குக் காலையிலே நீ எங்கே நிற்கவேண்டும்?" என்று கேட்பதே நியாயம் என்பது என் அபிப்பிராயம். அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஆச்சிக்கும் அந்தப் பெண்ணுக்கும் முதலில் இடம் கிடைத்திருக்கும். பெரியம்மாவுக்குக் கடைசியிலேதான் கிடைத்திருக்கும். எனக்கு? எனக்கு வீடு யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. சோதனைக்கு முதல் நாள் உல்லாசப் பயணம் வந்தது நான். அவளோ தன் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போக வந்தவள்.

குமுதினி என்ற படகைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரிய படகு. வீதி போடுகிறவர்களுக்குப் படகு எதற்கு என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் அதிலே ஒரு பெரிய உண்மை இருக்கிறது. நெடுந்தீவாருக்கு அந்தப் படகுதான் வீதி. 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆந் திகதி, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினியை நடுக்கடலில் மறித்து, கைக்குழந்தை முதற்கொண்டு பலரை வெட்டிக் கொன்றார்கள். அதைச் செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் கூறினர். இன்றும் ஆண்டுதோறும் ஊரவர் அந்நாளை நினைவுகூருகிறார்கள். அப்படிப்பட்ட படகைப் பிறகு என்ன செய்தார்கள்? திருத்தி மீண்டும் ஓட்டினார்கள். உற்றாரை இழந்தவர்களே மறுபடியும் அதில் ஏறிப் பிரயாணம் செய்தார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. படம் எடுப்பதற்காக அதே கடலைக் கடக்கும் நாங்கள் இதை அறியாமலிருப்பது வெட்கம்.

நான் இப்படிச் சொன்னபோது அப்பா ஒரு நியாயம் சொன்னார். உல்லாசப் பிரயாணிகள் போகாவிட்டால் அங்கே ஓட்டோ ஓட்டுகிறவருக்கும் சோறு சமைத்துக் கொடுக்கும் அம்மாவுக்கும் வருமானம் ஏது என்று கேட்டார். மெய்தான். எங்களுக்கு மீன் குழம்புடன் சோறு தந்த அம்மா, "அடுத்த முறையும் வாங்கோ," என்று மனமாரச் சொன்னார். போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படகு நிரம்பும் நாட்களிலே மருந்துப் புத்தகம் வைத்திருப்பவர், மாணவர், ஆசிரியர், செத்தவீட்டுக்குப் போகிறவர் ஆகியோர் ஏறிய பின்பே பார்க்க வந்தவர்கள் ஏறவேண்டும் என்கிறேன். முதலில் வந்து நின்றோம் என்பது நியாயமாகாது. ஓட்டோவுக்குக் காசு கொடுத்தவர் முதலில் வருவார். சைக்கிள் மிதித்தவர் பிறகுதானே வருவார்! மிஞ்சிய பிரயாணிகளுக்கு வேறு படகு விடட்டும். அதற்கு அதிகம் காசு வாங்கட்டும். பெரியப்பா கொடுத்திருப்பார்.

ஒரு பாலத்தைக் கட்டிவிட்டால் என்ன என்று அண்ணா கேட்டார். கனடாவிலே இருந்தால் அப்படித்தான் தோன்றும் போலும். சோளகக் காற்று வீசும் நாளில் அந்தக் கடலைப் பார்த்தால் அவர் கேட்கமாட்டார். பாலம் வரும்போது வரட்டும். கடைசிப் படகு இன்றைக்கும் பின்னேரந்தானே புறப்படப் போகிறது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வினாத்தாள் தந்தார்கள். எனக்குத் தெரிந்த கேள்விகள்தாம் வந்திருந்தன. ஒன்பது மணிக்கு முதலாம் பகுதி விடைத்தாளைச் சேர்த்தெடுத்தபோது சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். காற்று இல்லாமல் காலமைப் படகு நேரத்துக்கு வந்திருந்தாலும், 776 அப்போதுதான் வங்களாவடிச் சந்தியிலே நின்றுகொண்டிருக்கும்.