பின்வாங்கத் தெரியாத வேகம்

2025 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. பங்குச் சந்தை நடந்துகொண்டிருந்த பிற்பகல் நேரத்தில் ஜெரோதா, குரோ உள்ளிட்ட வர்த்தகத் தளங்கள் முடங்கின. விற்க நினைத்தவர்களால் விற்க முடியவில்லை. தவறு தரகரிடமும் இல்லை, சந்தையிடமும் இல்லை. இணையத்தின் வாசலில் காவல் நிற்கும் அமெரிக்க நிறுவனமான கிளவுட்ஃப்ளேர் அனுப்பிய ஒரு கான்ஃபிக் மாற்றம், அதன் வழியே செல்லும் இணையப் போக்குவரத்தில் சுமார் 28 சதவீதத்தை 25 நிமிடம் நிறுத்திவைத்தது. எக்ஸ், சாட்ஜிபிடி ஆகியவற்றை வீழ்த்திய, இதே நிறுவனத்தின் நவம்பர் 18 முடக்கம் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

நிறுவனமே வெளியிட்ட விளக்கத்தைப் படித்தால் கோபம் கூடுகிறது. புதிதாகத் தெரியவந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க அன்று இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறார்கள். முதலாவது படிப்படியாகத்தான் போனது. அந்த மாற்றத்தோடு உள்ளகச் சோதனைக் கருவி ஒன்று ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும், கருவியை அணைக்க இரண்டாவது மாற்றத்தை அனுப்பினார்கள். அது, எல்லா சர்வர்களுக்கும் நொடிகளில் போய்ச் சேரும் குறுக்குவழியில் போனது. பல ஆண்டுகளாகக் கண்ணில் படாமல் கிடந்த பிழை அங்கே வெடித்தது.

இது தற்செயல் அல்ல. 2019 ஜூலை 2-ல் இதே நிறுவனம் ஒரு பாதுகாப்பு விதியை உலகம் முழுவதற்கும் ஒரே வீச்சில் அனுப்பி 27 நிமிடம் வீழ்ந்தது. 2024 ஜூலை 19-ல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. 2025 ஜூன் 12-ல் கூகுள் கிளவுடை வீழ்த்தியது, நிரப்பப்படாத புலங்கள் கொண்ட ஒரு கொள்கைத் தரவு. கோட் என்றால் சோதனை, படிநிலை, கண்காணிப்பு எல்லாம் உண்டு. கான்ஃபிக், விதி, தரவு என்று பெயர் மாறிவிட்டால் இவற்றில் ஏதோ ஒன்று, பல நேரம் எல்லாமே, கைவிடப்படுகிறது.

இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய வழக்கு ஒன்று உண்டு: நைட் கேபிடல். 2012 ஆகஸ்ட் 1-ல், அந்த அமெரிக்கத் தரகு நிறுவனத்தின் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய கோட் ஏறியது, எட்டாவது விடுபட்டது. அதில் 2003-லேயே கைவிடப்பட்ட பழைய நிரல் ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது. புதிய கோடுக்காக மறுபயன்பாடு செய்த ஒரு குறி அதை எழுப்பிவிட்டது. சந்தை திறப்பதற்கு முன்பே 97 எச்சரிக்கை மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. எவரும் அவற்றின் மீது நடவடிக்கை எடுக்கவில்லை. சந்தை திறந்ததும் 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. 46 கோடி டாலருக்கு மேல் இழப்பு. இதில் கவனிக்க வேண்டியது நடுவில் நடந்த மீட்பு முயற்சி. பதற்றத்தில் பொறியாளர்கள், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய கோடை நீக்கினார்கள். அங்கேயும் பழைய நிரல் விழித்தது, நட்டம் பெருகியது. ஒத்திகை பார்க்காத ரோல்பேக், அதாவது பழைய பதிப்புக்குத் திரும்புதல், இன்னொரு விபத்து என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

கிரவுட்ஸ்டிரைக் அதே பாடத்தை வேறு வடிவில் சொன்னது. பிழையான கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் விழுந்த கணினிகள் பல, திருத்தத்தை வாங்கிக்கொள்ளும் நிலையிலேயே இல்லை. ஊழியர்கள் ஒவ்வொரு கணினியாகச் சரிசெய்தார்கள். டெல்டா விமான நிறுவனம் சுமார் 7,000 விமானங்களை ரத்துசெய்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள்.

‘தாக்குபவன் காத்திருக்க மாட்டான், நொடிகளில் அனுப்பியாக வேண்டும்’ என்பது இந்த நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். இது வாதமே அல்ல. டிசம்பர் 5-ல் நொடிகளில் பறந்தது எந்தத் தாக்குதலையும் தடுக்கும் கேடயம் அல்ல. ஒரு சோதனைக் கருவியை அணைக்கும் ஆணை. அது ஒரு மணி நேரம் காத்திருந்தால் எவருக்கும் நட்டமில்லை. ‘மேலாளர் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியேறக் கூடாது’ என்போர் இன்னொரு தரப்பு. நைட் கேபிடலின் 97 மின்னஞ்சல்களும் மனிதர்களுக்குத்தான் போயின. அதோடு அந்த வாதம் முடிந்தது.

செய்ய வேண்டியது புதிரல்ல. எந்த மாற்றமும், கோடோ கான்ஃபிகோ, முதலில் நூற்றில் ஒரு சர்வருக்குப் போகட்டும். அங்கே பிழை விகிதம் ஏறினால் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் வெளியீட்டுப் பைப்லைனே அதை நிறுத்தி, பழைய பதிப்புக்குத் திரும்பட்டும். அந்தத் திரும்பும் பாதையும் ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஓட்டிப் பார்க்கப்படட்டும். இத்தனை முடக்கங்களுக்குப் பிறகும் இதை முழுமையாகச் செய்யாமல் இருப்பது அறியாமை அல்ல, அலட்சியம்.

அலட்சியத்தை அறிவுரையால் திருத்த முடியாது. தரகர்களின் தொழில்நுட்பக் கோளாறுகளுக்காகப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2022-ல் கொண்டுவந்த விதிமுறை, ஒரு மணி நேரத்துக்குள் தகவல் தரச் சொன்னது. மென்பொருள் மாற்றங்களுக்கும் நெறி வகுத்தது. ஆனால் அது தரகரைத்தான் கட்டும். தரகரின் வாசலை மூடிவிடும் வெளிநாட்டு நிறுவனத்தைக் கட்டாது. வங்கி, பங்குச் சந்தை, விமானம், மருத்துவமனை ஆகியவற்றுக்குச் சேவை விற்கும் எந்த நிறுவனமும், படிநிலை வெளியீட்டையும் தானியங்கி ரோல்பேக்கையும் நிரூபித்த பிறகே இந்தியாவில் தொழில் செய்யலாம் என்று சட்டம் வர வேண்டும். குறுக்குவழியில் அனுப்பிய மாற்றத்தால் முடக்கம் நேர்ந்தால், முழு இழப்பீடும் அந்த நிறுவனத்தின் தலையில்தான் விழ வேண்டும். சட்டம் வந்த மறுநாளே குறுக்குவழிகள் மூடப்படும். உலகத்தையே ஒரு கோப்பு நிறுத்தும் காலமும் அதோடு முடியும்.