இனிக் காசு விழாது

யாழ்ப்பாணத்தில் மெட்டல் டிடெக்டர் என்றால் எங்களுக்கு மூன்று விதமான ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வருவினம். சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரர். முகமாலைப் பக்கம் கவச உடுப்போடு குந்தியிருந்து தரையை அங்குலம் அங்குலமாய்த் தடவுகிற, கண்ணிவெடி அகற்றும் பெண்கள். பிறகு, 'ஸ்கேனர் இயந்திரத்துடன் கைது' என்று பேப்பரில் படம் வருகிற புதையல்காரர். விழுந்த சில்லறையைத் தேட அந்த மெஷினைக் கையிலெடுத்த ஒருவரையும் எங்கட ஊரில் நாங்கள் கண்டதில்லை.

வெளிநாட்டில் அது பெரிய பொழுதுபோக்கு. இங்கிலாந்தின் வயல்களிலும் அவுஸ்திரேலியாவின் கடற்கரைகளிலும் சனி, ஞாயிறுகளில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடப்பினம். குளிக்க வந்தவர்களின் பொக்கற்றிலிருந்து விழுந்த காசு, கழன்ற மோதிரம், எப்பவாவது ஒரு பழங்கால நாணயம். இப்ப அவர்களுக்கு ஒரு கவலை வந்திருக்கிறது. கடற்கரைக்கு வாற சனம் கார்ட்டையும் போனையும்தான் கொண்டு வருகுது. பொக்கற்றில் காசில்லை, அதனால் மணலிலும் புதுக்காசு இல்லை.

இதை வாசித்தபோது முதலில் எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வெள்ளைக்காரனுக்கு வந்த கவலையைப் பார் என்று. ஆனால் கொஞ்சம் யோசித்தால் இந்த விஷயம் அவர்களைவிட எங்களுக்குத்தான் பெரிசு.

எங்கட ஊரில் காசு விழுகிறது குறைந்ததற்கு கியூஆர் மட்டும் காரணமில்லை. லங்கா கியூஆர் வந்து, திருநெல்வேலிச் சந்தையைச் சுற்றியுள்ள கடைகளிலும் ஐஸ்கிறீம் கடைகளிலும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒட்டியாச்சு என்பது உண்மை. அதற்கு முதலே சில்லறையைக் கொன்றது விலைவாசி. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. அதற்குப் பிறகு ஒரு ரூபாய்க் குத்தியை யார் குனிந்து எடுக்கிறது? கடைக்காரர் மிச்சத்துக்கு டொபி தருவார், நாங்களும் வாயில் போட்டுக்கொண்டு வந்துவிடுவோம். கோயில் உண்டியலும் வருஷப் பிறப்புக் கைவிசேஷமும்தான் குத்திக்காசுக்கு மிச்சமிருக்கிற மரியாதையான இடங்கள். கைவிசேஷமும் தாளாய் மாறிக் கனகாலம்.

சரி, காசு விழாவிட்டால் என்ன? விழுந்த காசாலேதான் எங்கட வரலாற்றில் ஒரு பெரிய பங்கு எங்களுக்குத் தெரியும் என்பதே எங்கள் பதில்.

கந்தரோடையை எடுங்கள். யாழ்ப்பாணத்தில் நீதிபதியாய் இருந்த போல் ஈ. பீரிஸ் 1917 முதல் 1919 வரை அங்கே தேடினார். அவர் கண்ட பொருள்களில் மணிகளோடு நாணயங்களும் இருந்தன: முத்திரை குத்திய வெள்ளிக் காசு, இலட்சுமி உருவத் தகடு, ரோமக் காசு. ரோமாபுரியிலிருந்து ஒரு தூதுவர் வந்து கந்தரோடையில் காசைப் புதைத்துவிட்டுப் போகவில்லை. யாரோ வியாபாரி, யாரோ கூலியாள், சந்தைக்கு வந்த யாரோ ஒரு மனுசி தவறவிட்டது. தேடியிருப்பினம், கிடைத்திருக்காது, பேசிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பினம். அந்தக் கைதவறல்தான் இன்றைக்கு, 'இந்த ஊர் கடலுக்கு அப்பால் உலகத்தோடு வியாபாரம் செய்தது' என்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதற்கு ஆதாரம். ஆரியச்சக்கரவர்த்திகளின் நந்தி பொறித்த 'சேது' காசும் அப்படித்தான். அரசர் வெளியிட்டார் என்று கதை சொல்லலாம். அது எந்த ஊர்வரைக்கும் கைமாறியது என்று சொல்வது, அந்தந்த ஊரில் தவறி விழுந்த காசு மட்டும்தான்.

ஏட்டை எழுதினவர் தனக்குப் பிடித்ததை எழுதலாம். கல்வெட்டை வெட்டுவித்தவர் தன் பெருமையை வெட்டுவிக்கலாம். தவறி விழுந்த காசை யாரும் திட்டமிட்டு வைப்பதில்லை. அதனால்தான் அதை நம்பலாம்.

கியூஆரில் கட்டின காசு எங்கே விழும்? வங்கியின் சேர்வரில். அங்கே அது எவ்வளவு வருஷம் இருக்கும், யார் பார்க்கலாம், யார் அழிக்கலாம் என்பதில் எங்களுக்கு ஒரு பேச்சும் இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகு மழை பெய்து தோட்டத்து மண் கரையும்போது சேர்வர் மேலே வந்து மினுங்கப் போவதுமில்லை. நாங்கள் கியூஆருக்கு எதிரில்லை. பஸ்ஸில் மிச்சக் காசுக்கு நடக்கிற சண்டை முடிந்தால் எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் நிலத்தில் விழுகிற பதிவு நின்றுபோகிற காலத்தில் வாழுகிறோம் என்றால், ஏற்கெனவே விழுந்தது இரட்டிப்புப் பெறுமதி ஆகிறது. அதை எப்படிப் பார்க்கப் போகிறோம் என்பதுதான் இப்ப கேள்வி.

இந்த மண்ணில் பழங்காலம் மட்டும் கிடக்கவில்லை. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. கூடவே பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை, விளையாட்டுப் பொருள். தரைக்குக் கீழே பார்க்கும் ராடாரைக் கொண்டுவந்து மற்ற இடங்களையும் பார்த்தார்கள். அப்படியான ஒரு குழியில் ஒரு குத்திக்காசு கிடந்தால் அது என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். 1996 என்று அச்சிட்ட காசு எலும்போடு கிடந்தால், அந்தக் குழி 1996க்கு முன்பு மூடப்பட்டிருக்கவே முடியாது. மன்னார் சதொச வளாகப் புதைகுழியில் கார்பன் பரிசோதனை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலம் என்று 2019இல் முடிவு சொன்னபோது, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. அப்படியான விவாதத்தில், எலும்போடு எந்த ஆழத்தில் என்ன கிடந்தது என்ற குறிப்புத்தான் எங்களுக்கு மிஞ்சுகிற வாதம். எந்த ஆழம், எதற்குப் பக்கத்தில் என்ற குறிப்பு போனால் காசு வெறும் உலோகத் துண்டு.

ஆகவே லண்டனில் இருக்கிற மாமா பார்சலில் ஒரு டிடெக்டர் அனுப்புவார், யூடியூபில் போட்டால் வியூஸ் வரும் என்று நினைக்கிற தம்பிமாருக்கு நாங்கள் சொல்வது: வேண்டாம். மெஷின் கூப்பிட்ட இடத்தில் அலவாங்கைப் போட்டுக் கிண்டி எடுத்தால் காசு வரும், கதை போய்விடும். வேறு ஒரு காரணமும் இருக்கு. உங்கட மெஷினுக்கு மிதிவெடியும் காசும் வேறுவேறாய்த் தெரியாது. ஹலோ ட்ரஸ்ட் 2002இல் இருந்து இந்த நாட்டில் வெடி அகற்றுகிறது, இன்னும் முடியவில்லை. வேலை முடியாததற்கு ஒரு காரணம், ஆணி, சோடா மூடி, சன்னத் துண்டு எல்லாத்துக்கும் மெஷின் ஒரே மாதிரிச் சத்தம் போடும்; ஒவ்வொன்றையும் வெடி என்று நினைத்துத்தான் கிண்ட வேண்டும். பொழுதுபோக்குக்காரர் செய்வதுபோல இரும்பின் சத்தத்தை அடக்கி வைத்துத் தேடலாமே என்று கேட்பீர்கள். 2005க்குப் பிறகு வந்த எங்கட காசு பலதும் முலாம் பூசிய உருக்கு. ஆணியை அடக்கினால் காசும் அடங்கிப்போகும்.

புதைத்த நகை பற்றியும் ஒரு வார்த்தை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமச் சனம் நாவற்குழிப் பக்கமாய் மழைக்குள் நடந்தபோது, கையில் தூக்க ஏலாததை வளவுக்குள் தாட்டுவிட்டுப் போன வீடுகள் உண்டு. திரும்பி வந்து எடுத்தவர்கள் இருக்கினம். அடையாளம் வைத்த மாமரமும் இல்லாமல், கிணற்றடியும் தெரியாமல் நின்றவர்கள் இருக்கினம். திரும்பி வராதவர்களும் இருக்கினம். அது புதையல் இல்லை, ஒருவரின் தாலிக்கொடி. அந்தக் குடும்பம் தன் காணியில் தேடுவதும், ஸ்கேனரோடு இரவில் வேலி பாயுறவன் தேடுவதும் ஒன்றல்ல.

சட்டம் என்ன சொல்கிறது? 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, உங்கள் சொந்தக் காணியென்றாலும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்ட ஏலாது; கண்டெடுத்ததை அறிவிக்கவும் வேண்டும். காகிதத்தில் நல்ல சட்டம். ஆனால் கொத்தும்போது பழங்காசு வெளிவந்தால் எங்கட ஊரில் எத்தனை பேர் போய் அறிவிப்பினம்? பேசாமல் பெட்டிக்குள் வைப்பினம், அல்லது வாங்க வருகிறவருக்கு விற்பினம். பேராசையால் மட்டும் இல்லை. பயம். காசைக் காட்டினால் காணிக்கு வேலி வரும், பலகை வரும், பிறகு விகாரை வரும் என்ற பயம். குருந்தூர்மலையையும் வெடுக்குநாறி மலையையும் பார்த்த சனத்துக்கு அந்தப் பயம் பைத்தியக்காரத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. 2020இல் கிழக்கு மாகாணத்துக்கென்று தொல்பொருள் செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழரையோ முஸ்லிமையோ போடவில்லை. பிறகு 'கண்டால் அறிவியுங்கள்' என்றால் யார் அறிவிப்பார்?

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1996இல் புதையல் சட்டம் வந்தது. அடுத்த வருஷம், கண்டெடுத்ததைப் பதியும் ஒரு திட்டம் தொடங்கியது. ஊரூராக அலுவலர் இருப்பார். பொருளைக் கொண்டுபோய்க் காட்டினால் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, பெரும்பாலும் பொருளைத் திருப்பித் தந்துவிடுவார். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் இப்படிப் பதிவாகியிருக்கின்றன. சரியான இடத்தைப் பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை, காட்டினால் கள்ளர் போய்க் கிண்டுவார்கள் என்பதால். அந்தத் திட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. மெஷினோடு தேடுவதற்கு அங்கே இருக்கிற சுதந்திரம் இங்கே வேண்டாம், எங்கட மண் அந்த மண்ணில்லை. வேண்டியது அதிலுள்ள ஒரேயொரு விஷயம்: காட்டினவருக்குத் தண்டனை இல்லை, காணியும் போகாது என்ற உறுதி. அதைத் தொல்பொருள் திணைக்களம் தமிழில், எழுத்தில் தர வேண்டும். நாவலர் வீதி அருங்காட்சியகத்தில், தமிழ் கதைக்கிற ஒருவர் ஒரு பதிவுப் புத்தகத்தோடு இருந்தால் தொடங்கப் போதும்.

அதுவரைக்கும் நாங்கள் கைகட்டி இருக்கத் தேவையில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் பண்ணிச் சேர்த்தது அரசாங்கம் கேட்டதால் இல்லை. தன்னார்வத்தில் இறங்கின ஆட்களால். வீடுகளின் பவுடர் டப்பாவுக்குள்ளும் சாமிப்படத்துக்குப் பின்னாலும் கிடக்கிற காசுகளுக்கும் அப்படி ஒரு பதிவு செய்யலாம். யாழ். பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கிற நண்பர்களிடம் இதற்குத் தேவையான அறிவு இருக்கு, பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பழங்கால நாணயங்கள் பற்றிக் கனகாலமாய் எழுதி வந்திருக்கிறார்.

வீட்டில் பழங்காசு இருந்தால் அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; எழுத்துப் போய்விடும். இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள். யார் எடுத்தது, எந்த ஊரில், வயலா வளவா கிணறு வெட்டின இடமா, எவ்வளவு ஆழத்தில், என்ன கூட இருந்தது என்று அம்மம்மாவிடம் இப்பவே கேட்டு எழுதுங்கள். 'உது உங்கட அப்பு பூநகரிக்கு வயல் செய்யப் போனபோது எடுத்தவர்' என்று அவ சொல்லும் ஒரு வரி போதும். இணையத்தில் போடும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள், காணியைச் சொல்லாதீர்கள். புதிதாய் ஏதாவது மண்ணில் தெரிந்தால் இருக்கிற இடத்திலேயே படம் எடுத்துவிட்டு, தோண்டாமல், தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். எலும்பு தெரிந்தால் ஒன்றையும் தொடாதீர்கள். தனியே நிற்காமல் ஊர்ச் சனத்தையும் ஒரு சட்டத்தரணியையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் அறிவியுங்கள்.