அடக்குவதும் வளர்ப்பதும்

குதிரைப் பந்தயத்தை அடக்குவதும் வளர்ப்பதும் ஒரே கையாக இருத்தல் தகுமோ? யப்பானைப் பார்ப்போம். அங்கே 1948இல் குதிரைப் பந்தயச் சட்டம் வந்தது. 1954இல் அரசாங்கமே முழு மூலதனமும் இட்டு, விவசாய அமைச்சின் மேற்பார்வையில் ஒரு சங்கத்தை நிறுவியது. அச்சங்கம் விற்கும் சீட்டுப் பணத்தில் நூற்றுக்கு 10 திறைசேரிக்குச் செல்கின்றது. எக்குதிரை வென்றாலென்ன, அரசு தோற்பதேயில்லை! அத்தொகையில் முக்காற்பங்கு கால்நடை அபிவிருத்திக்கும், காற்பங்கு சமூகநலத்துக்கும் ஆகும். பசுக்களுக்கு நன்மைதான், பணத்தைத் தோற்றவன் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்பதை எவ்வேட்டில் எழுதுவர்? 20 வயது நிரம்பாதோர் சீட்டு வாங்கலாகாது என்பது இன்றும் சட்டம். மாணவராயின், வயது நிரம்பியும் முன்னர் வாங்க இயலாது. 2005 முதல் அத்தடையை நீக்கினர். வாங்குவோர் தொகையைப் பெருக்கவோ அவ்வாறு செய்தனர் என நாம் ஐயுறுகின்றோம்.