பூட்டிய கோப்புக்குப் பக்கத்தில் பூட்டாத நகல்

வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியப் போகிறோம். சேரியில் ஒரு அம்மா தன் பெயரையும் தான் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறார். இரவு அதை லேப்டாப்பில் ஏற்றுகிறோம். அந்தப் பெயர் ஊர்த்தெருவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவு, சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைத்து வைக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு வழி செய்கிறது. நீதிமன்றத்திடம் கேட்கிற இந்தப் பாதுகாப்பை நம் லேப்டாப்பில் நாம் கொடுக்கிறோமா?

"மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று சில மூத்த தோழர்கள் கேட்கிறார்கள். நம் பெயரை நாம் மேடையிலேயே சொல்லிக்கொள்ளலாம். அந்த அம்மாவின் பெயரை வெளியே விட நமக்கு உரிமை கிடையாது.

மாணவத் தோழர்கள் பலர் ஜிபிஜி கற்றிருக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக முழுவதும் எழுதிவிட்டுக் கடைசியில் பூட்டும் பழக்கம் இருக்கிறதே, அங்கேதான் ஓட்டை. விம் எடிட்டர் நாம் எழுதும்போதே ஒரு ஸ்வாப் கோப்பை வைத்துக்கொள்கிறது. கரண்ட் போய் லேப்டாப் அணைந்தால் அது அப்படியே கிடக்கும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் கண்ணில் படாது. அன்டோ கோப்பு வசதியைப் போட்டிருந்தால் நாம் அழித்த வரிகளும் அதில் இருக்கும். நகலெடுத்த வரிகள் விம்இன்ஃபோவில் தங்கும். ஈமாக்ஸும் தானாகவே ஒரு நகல் சேமிக்கும். பிறகு தேடி அழித்தாலும், எஸ்எஸ்டியில் அழித்தது உண்மையிலேயே போய்விட்டது என்று சொல்ல முடியாது.

ஆகவே முதல் வரி எழுதும் முன்பே கோப்பின் பெயர் ஜிபிஜி என்று முடிய வேண்டும். ஈமாக்ஸில் ஈஸிபிஜி உள்ளேயே இருக்கிறது. அத்தகைய கோப்பைச் சேமிக்கும்போதே பூட்டிவிடும், தானியங்கி நகலும் எடுக்காது. விம்முக்கு விம்-ஜிநுபிஜி என்ற பிளக்இன் வேண்டும். அத்தகைய கோப்பைத் திறக்கும்போது ஸ்வாப், அன்டோ, விம்இன்ஃபோ மூன்றையும் அது நிறுத்திவிடுகிறது. விம்மோடு வரும் பெரிய எக்ஸ் கட்டளையை நம்பாதீர்கள். அதன் பழைய ஜிப் முறை பலவீனமானது என்று விம் கையேடே சொல்கிறது. நியோவிம் அந்த வசதியையே தூக்கிவிட்டது.

இன்னொன்று. கடவுச்சொல்லை ஒருமுறை கொடுத்தால் ஜிபிஜி-ஏஜென்ட் வழக்கமாக 10 நிமிடம் நினைவில் வைத்திருக்கும். எடிட்டரை மூடிவிட்டு டீக்கடைக்குப் போனால், அந்த நேரத்தில் லேப்டாப் முன் உட்காருபவர் கோப்பைத் திறந்துவிடலாம். எழும் முன் ஏஜென்ட்டை நிறுத்துங்கள், திரையையும் பூட்டுங்கள். கோப்பின் பெயர் பூட்டுக்கு வெளியேதான் இருக்கும் என்பதால் அதில் ஊர்ப்பெயரை வைக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் போதாத இடம் ஒன்று உண்டு. பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் கணினிக்குள் நெட்வயர் என்ற உளவு மென்பொருள் 22 மாதங்கள் இருந்தது, கோப்புகள் திணிக்கப்பட்டன என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் 2021இல் அறிக்கை தந்தது. என்ஐஏ அதை ஏற்கவில்லை. அப்படி ஒன்று உள்ளே இருந்தால், நாம் பூட்டுவதற்கு முன்பே எழுத்து களவு போய்விடும். அதனால் வாக்குமூலத்தில் சாட்சி 1, சாட்சி 2 என்று மட்டும் எழுதுவோம். எண்ணுக்கு உரிய பெயர் லேப்டாப்பில் ஏறவே வேண்டாம். ஒரு தாளில் எழுதி, வழக்கை நடத்தும் வழக்கறிஞர் கையில் கொடுத்துவிடலாம்.