திடலில் தமிழ் வளர்த்த ஆசிரியர்

தமிழுக்கு உழைத்தோர் பெயர்களை அடுக்கச் சொன்னால், நம்மவர் புலவரைச் சொல்வர்; பதிப்பாசிரியரைச் சொல்வர்; மேடை அதிரப் பேசிய நாவலரைச் சொல்வர். ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வெயிலென்றும் பாராது திடலின் நடுவே நின்று, பிள்ளைகளை ஓடவும் தாண்டவும் பயிற்றிய உடற்கல்வி ஆசிரியரை எவரும் சொல்லார். 'பீட்டி வாத்தியாருக்கும் தமிழுக்கும் என்ன உறவு?' என்று நகைப்பாரும் உளர். அந்நகைப்புக்குத் தம் வாழ்வையே விடையாக்கி மறைந்தவர் ஒருவர் உண்டு. அவர்தாம் நவராசு செல்லையா.

1937-இல் பிறந்து 2001-இல் மறைந்த அவர், தொழிலால் உடற்கல்வி ஆசிரியர், பயிற்றுநர். தம் துறையைப் பற்றி நூற்றுக்கு மேற்பட்ட நூல்களைத் தமிழில் எழுதினார். 'உடற்கல்வி என்றால் என்ன?' என்று அடிப்படையிலிருந்து தொடங்கினார். 'விளையாட்டுக்களின் விதிமுறைகள்' என ஆட்டங்களின் சட்டதிட்டங்களைத் தமிழில் தொகுத்துத் தந்தார். சடுகுடு, கால்பந்து என ஆட்டங்கள் பற்றித் தனித்தனி நூல்கள் செய்தார். 'விளையாட்டுக் களஞ்சியம்' என்று ஒரு திங்களிதழே நடத்தினார். திருக்குறளுக்குப் புதிய உரையும் எழுதினார். பந்தும் குறளும் ஒரே கையில் இருந்தன. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் கீழே வைக்கவில்லை.

இதில் என்ன அருமை என்பார்க்கு ஒன்று சொல்வோம். இற்றை முறையிலான உடற்கல்விப் பயிற்சி நம் நாட்டில் எவ்வாறு வேரூன்றியது? 1920-இல் அமெரிக்கரான ஆரி குரோ பக் என்பார் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் தொண்டு பெரிது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பயிற்சி ஆங்கிலத்தின் தோளேறியே வந்தது. ஆட்டத்தின் பெயர் ஆங்கிலம், அளவு ஆங்கிலம், கட்டளை ஆங்கிலம், நடுவரின் தீர்ப்பும் ஆங்கிலம். ஆசிரியர் கற்றது அம்மொழியில். எனவே அவர் கூவியதும் அம்மொழியில். 'அட்டென்சன்' என்ற ஒலியைக் கேட்டு விறைத்து நின்ற நம் பிள்ளைகள், அச்சொல்லின் பொருளை அறியாமலே தலைமுறை தலைமுறையாக நின்றார்கள்.

இவ்வாறு இரவல் வாங்கும் அளவுக்குத் தமிழ் வறுமைப்பட்டதா? விளையாட்டு என்னும் பொருளுக்குக் 'கெடவரல்', 'பண்ணை' என இரண்டு உரிச்சொற்களைத் தொல்காப்பியர் காட்டியிருக்கிறார். கழகச் செய்யுள்களில் ஓரையும் கழங்கும் பந்தும் வட்டும் ஆடப்படுகின்றன. முல்லைக்கலியில் ஏறுதழுவலின் புழுதி பறக்கிறது. சிலம்பின் வாழ்த்துக் காதையில் மகளிர் பந்தடித்துப் பாடுகின்றனர். நம் மொழிஞாயிறு பாவாணர், பள்ளித் தமிழாசிரியராகப் பல்லாண்டு உழைத்தவர், 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்றே ஒரு நூல் செய்தார். சொல்லாராய்ச்சிக் கடலில் மூழ்கியவர், சிறுவர் சிறுமியர் ஆட்டங்களை எதற்காகத் தொகுத்தார்? ஓர் இனத்தின் மொழி ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. அதன் பிள்ளைகள் இளைக்க இளைக்க ஓடும்போது வாயில் வரும் சொல்லிலும் அது வாழ்கிறது என்று அவர் அறிந்திருந்தார்.

பாவாணர் பழைய ஆட்டங்களுக்குச் செய்ததைச் செல்லையா புதிய ஆட்டங்களுக்குச் செய்தார். நீளத் தாண்டல், உயரத் தாண்டல், தொடரோட்டம், கூடைப்பந்து, கைப்பந்து என்பன இன்று நமக்கு இயல்பாக ஒலிக்கின்றன. இயல்பாக ஒலிப்பதனாலேயே, அவை உழைப்பின்றித் தாமே வந்தவை என்று எண்ணிவிடுகிறோம். ஒரு சொல் தாளில் பிறந்தால் போதாது. அது ஆயிரம் முறை எழுதப்பட வேண்டும், பல்லாயிரம் வாய்களில் புழங்க வேண்டும். நூல்மேல் நூலாக, இதழ்மேல் இதழாக அச்சொற்களை எழுதி எழுதிப் பழக்கியோருள் முன்னணியில் நின்றவர் செல்லையா.

சிற்றூர்ப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். காலில் வலிவு உண்டு. நெஞ்சில் துணிவு உண்டு. வெளியூர்ப் போட்டிக்குச் செல்கிறான். நடுவர் ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்லி அவனை வெளியேற்றுகிறார். தான் செய்த பிழை யாதென அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் நா எழவில்லை. தோற்றது அவன் காலன்று. அவனுக்கு மறைக்கப்பட்ட மொழி. ஆட்டத்தின் சட்டத்தைத் தாய்மொழியில் படித்த பிள்ளையோ, 'ஐயா, இந்நெறிப்படி இது பிழையாகாது' என்று தலைநிமிர்ந்து கேட்பான். அந்தத் தலைநிமிர்வைத் தந்ததுதான் அவ்வாசிரியர் செய்த தொண்டின் உட்பொருள்.

அவர் நம் தனித்தமிழ் நடையினர் அல்லர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அவர் எழுத்தில் வடசொற்கள் விரவிவரும். அதைக் களைந்து எழுதுவது நம் கடன். ஆனால் தூயதமிழ் பேசி ஒரு துறையையும் தொடாதவரைவிட, ஒரு துறை முழுவதையும் தமிழுக்குள் கொண்டுவந்து நிறுத்தியவர் நமக்கு நெருங்கிய உறவினர்.

இன்றைய நிலை யாது? நம் சடுகுடு, கபடி என்ற பெயருடன் 1990-இல் பெய்சிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பரிசுக்குரிய ஆட்டமாக ஏறியது. 2014 முதல் தொழில்முறைத் தொடராகவும் நடைபெறுகிறது. 2017-இல் 'தமிழ் தலைவாசு' என்ற அணியும் அதில் சேர்ந்தது. அணியின் பெயரில் தமிழ் இருக்கிறது. ஆட்டத்தை எடுத்துரைக்கும் வாயில் இல்லை. மூச்சடக்கிப் 'பாடிச் செல்பவர்' அங்கே 'ரெய்டர்' ஆகிவிட்டார். பிடிப்பவர் 'டிபெண்டர்' ஆகிவிட்டார். கால்பந்துக்கு அயற்சொல் வந்தால் அயலார் ஆட்டம் என்பீர்கள்; நம் ஊர்ப் புழுதியில் பிறந்த சடுகுடுவுக்குமா அயற்சொல்?

2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழித் தமிழ்நாட்டுக்கென உடற்கல்வி, விளையாட்டுப் பல்கலைக்கழகமே அமைந்துவிட்டது. எனினும் பல பள்ளிகளில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கும் அறிவியலும் விழுங்குகின்றன. உடலை மறந்த கல்வியும் மொழியை மறந்த உடற்கல்வியும் ஒருங்கே நடக்கின்றன.

செல்லையாவின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளன. எவரும் அச்சிடலாம்; எவரும் பயன்கொள்ளலாம். ஆகவே அவருக்கு நினைவு எடுப்பது அரிதன்று. ஒவ்வொரு பள்ளியிலும் தமிழாசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் ஒரு மாலைப்பொழுது ஒன்றாக அமரட்டும். 'நேராக நில்', 'இயல்பாக நில்', 'வலப்பக்கம் திரும்பு' என அணிநடைக் கட்டளைகளையும், அப்பள்ளியில் ஆடப்படும் ஆட்டங்களின் சொற்களையும் ஒரு தாளில் எழுதித் திடலின் சுவரில் ஒட்டட்டும். மறுநாள் காலை அணிவகுப்பில் அச்சொற்களையே கூவட்டும். ஊர்தோறும் நடக்கும் பொங்கல் விளையாட்டு விழாக்களில், நடுவரும் அறிவிப்பாளரும் தமிழிலேயே தீர்ப்புரைக்க வேண்டும் என்று நம் தோழர்கள் விழாக் குழுவினரிடம் முன்கூட்டியே சென்று கேட்கட்டும். இவற்றுக்கு அரசாணை வேண்டா, பொருட்செலவும் இல்லை. வேண்டுவது கூச்சமற்ற குரல் ஒன்றே.

அக்குரலை நூற்றுக்கு மேற்பட்ட நூல்களாக விட்டுச் சென்றிருக்கிறார் ஓர் உடற்கல்வி ஆசிரியர். அதை மீண்டும் திடலுக்குக் கொண்டுசெல்வது நம் பொறுப்பு. எழுக தமிழிளைஞரே! ஊதலை எடுங்கள், தமிழில் அழையுங்கள்!