சுவெட்டர் வாங்க முதல் லேபலைப் பாருங்கோ

யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கமிருந்து பேராதனைக்கு வாற எங்களைப் போல ஆக்களுக்கு சுவெட்டர் எண்டது கம்பஸுக்கு வந்த பிறகு அறிமுகமான உடுப்பு. வீட்டில் அப்படியொரு சாமான் இருந்ததேயில்லை. முதல் வருடம் மார்கழிப் பனியில் நடுங்கிப்போய் ஆளுக்கொன்று வாங்கினோம். நிறம் வடிவா இருக்கா, தொட்டால் மெதுவா இருக்கா, கையில் இருக்கிற காசு காணுமா, இவ்வளவும்தான் பார்த்தோம். உள்ளே தைத்திருந்த லேபலை ஒருத்தரும் வாசிக்கவில்லை.

போன தீபாவளிக்கு எங்கள் அறைத்தோழன் ஒருவனின் அம்மாவுக்கும் அப்படித்தான் வாங்கினோம். ஹட்டன் பக்கம் வீடு, அம்மா கொழுந்து எடுக்கிறவர். எல்லாரும் காசு போட்டு, நுவரெலியா பேல் பஜாரில், பஞ்சு மாதிரி ஒரு ஃபிளீஸ் சுவெட்டர். பொங்கலுக்குப் போனபோது அதன் கைப்பக்கத்தில் ஓரிடம் உருகிக் கட்டியாகியிருந்தது.

“நல்லா சூடாத்தான் இருக்கு தம்பி. அடுப்புப் பொறி பட்டு உருகிருச்சு. இப்ப அடுப்படிக்குப் போறப்ப கழட்டி வச்சிட்டுதான் போறேன்” என்றார்.

விடியப்புறம்தான் அங்கே குளிர் கடுமை. அவர் விறகடுப்புக்கு முன்னால் நிற்கிற நேரமும் அதுதான். அந்த நேரத்துக்கு எங்கள் சுவெட்டர் உதவவில்லை.

ஃபிளீஸ் பெரும்பாலும் பொலியெஸ்டர். பாரமில்லை, கெதியாகக் காயும், விலையும் குறைவு. மழைக்காலத்தில் ஹொஸ்டல் கொடியில் உடுப்புக் காயவைக்கிற எங்களுக்கு அது பெரிய விசயம். ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அக்ரிலிக் பார்வைக்குக் கம்பளி போலவே இருக்கும். கொஞ்ச நாளில் உருண்டை உருண்டையாகத் திரளும். அதுவும் நெருப்புக்கு ஆகாது. பருத்தி தோலுக்கு இதம். பேராதனைக் குளிருக்கு அது தாராளமாகக் காணும். நனைந்தால் மட்டும் பாரமாகி, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும்.

கம்பளி நூல் தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சியும் நனைந்த உணர்வைத் தராது. இலகுவில் தீப்பற்றாது, பற்றினாலும் உருகாமல் கருகும். நூல் தடித்தால் கடிக்கும், மெல்லிய மெரினோ கடிக்காது. சுடுதண்ணியில் தோய்த்தால் சுருங்கிப்போகும். விலைதான் பிரச்சினை.

அந்தக் காலத்துத் தோட்டங்களில் தொழிலாளருக்குக் கம்பளி கொடுத்து, அதன் விலையை அவர்களின் கடன் கணக்கிலேயே எழுதினார்கள். இன்றைக்கும் குளிரிலும் மழையிலும் கூட நேரம் நிற்கிறவருக்குத்தான் நல்ல துணியைத் தெரிவு செய்கிற வசதி குறைவு. “ஏலுமானதை வாங்குங்கோ” எண்டு சொல்லிவிட்டுப் போவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அதேநேரம், இருக்கிற காசையாவது பிழையான துணியில் போடாமல் இருக்கலாம்.

எங்கள் பிழை காசில் இல்லை. எங்கள் கைக்கு மெதுவாக இருந்ததை அவருக்கும் சுகமாயிருக்கும் எண்டு நினைத்ததுதான் பிழை. போடப்போறவர் எங்கே நிற்கிறார், நனைவாரா, நெருப்புக்குக் கிட்டப் போவாரா, எப்படித் தோய்ப்பார் என்பதை முதலில் கேட்கவேண்டும். பிறகுதான் நிறம்.

இந்தத் தீபாவளிக்கு இப்பவே காசு சேர்க்கத் தொடங்கிவிட்டோம். பேல் குவியலைக் கிளறினால் கம்பளி கலந்தது ஒன்று அகப்படும் எண்டு ஒரு நம்பிக்கை. இந்தமுறை லேபலை வாசித்துத்தான் விலை பேசுவோம்.